நடுவரின் நாலாம் பக்கம்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டுமா கூடாதா என்பது பற்றி எனக்கு இன்றுவரை திடமான அபிப்பிராயம் கிடையாது. ஆனால் இந்த ஆவணியில் எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவில் நடந்த பட்டிமன்றத்தில், வேண்டும் என்று பேசிய மூவரில் இரண்டு பேருக்கும், கூடாது என்று பேசிய மூவரில் இரண்டு பேருக்கும் பேச்சு எழுதிக் கொடுத்தவன் நான்தான். காலையில் ஒரு அணிக்கு எழுதுவேன். மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்து, மற்ற அணியின் பெயரில் அதற்குப் பதில் எழுதுவேன். பின்னேரம் இரண்டையும் வாசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருந்தது. அதனால் என் வேலை ஒன்றும் கெடவில்லை. எனக்குத் தேவைப்பட்டது அபிப்பிராயம் அல்ல, பழி.

பழி நடுவர்மேல்.

நடுவரின் பெயர் தியாகராசா. ஓய்வுபெற்ற உப அதிபர். நீர்வேலியில் எங்கள் பகுதிப் போதை ஒழிப்புக் குழுவின் தலைவர். ஊரில் மாஸ்டர் என்றால் அவர்தான். ஐந்து வருடத்தில் கஞ்சாவுக்கு எதிராக நாற்பத்திரண்டு மேடைகளில் பேசியிருக்கிறார். இந்த எண்ணிக்கை நான் எண்ணியது அல்ல. ஒவ்வொரு பேச்சையும் "இது எனது இத்தனையாவது மேடை" என்றுதான் அவர் தொடங்குவார்.

சென்ற வருடத் திருவிழாவின் ஏழாம் நாள் அவர் கோயில் மைக்கைப் பிடித்தார். யாரோ ஒருவரின் செருப்பு மாறிப் போனதற்கும் அன்றைய உபயகாரரின் பெயருக்கும் இடையில், எமது ஊரிலேயே ஒரு வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கப்படுகிறது என்று அறிவித்தார். அதோடு நிற்பாட்டியிருக்கலாம். அந்த வீடு இருக்கும் ஒழுங்கையின் பெயரைச் சொன்னார். பிறகு என் அண்ணையின் பெயரையும் சொன்னார்.

அண்ணை கஜீபன் வாழைத்தோட்டம் செய்கிறவர். கதலியும் இதரையும் போட்டிருக்கிறார். சிகரெட் புகைக்கே தள்ளி நின்று தும்முகிற ஆள். வீட்டுக் கிணற்றடியில் ஒரு பழைய பெயின்ற் வாளியில் நின்றது நொச்சி. அம்மாவுக்குப் பீனிசம் இருப்பதால், மழை தொடங்கினால் நொச்சி இலையை அவித்து வேது பிடிப்பார். ஒரு காம்பில் ஐந்து இலை, கையை விரித்த மாதிரி. இளசாக இருக்கும்போது ஓரத்தில் பல்லுப் பல்லாக வெட்டு. மாஸ்டர் அதை வேலிக்கு மேலால் கண்டிருக்கிறார். அவர் அதுவரைக்கும் கஞ்சாவைக் கண்டது தன் குழு அடித்த சுவரொட்டியில் மட்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்து அண்ணையையும் வாளியையும் ஏற்றிக்கொண்டு போனது. நிலையத்தில் ஒரு சார்ஜன்ற் இலையைக் கசக்கி மணந்தார். பிறகு அண்ணைக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார். மூன்று மணிக்கு அண்ணை வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். ஜீப்பை ஊர் முழுக்கக் கண்டது. ஓட்டோவை ஒரு சனமும் காணவில்லை.

"ஆரையோ பிடிச்சு வெளியில வந்திட்டான்" என்று மாஸ்டர் தேத்தண்ணிக் கடையில் சொன்னாராம்.

அப்போது அண்ணைக்கும் உரும்பிராய் வித்தியாவுக்கும் கலியாணம் முற்றாகி, நாள் வைப்பதுதான் மிச்சம். வித்தியா கணித ரீச்சர். திருவிழா முடிந்து இரண்டாம் நாள் அவளின் தகப்பன் ஜெயரூபன் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"தம்பி, நான் உங்களிலை சந்தேகப்படேல்லை. ஆனா சனம் அதை மைக்கில கேட்டது. மைக்கில சொன்னதை மைக்கிலதான் இல்லையெண்டு சொல்லோணும். அதே கோயில், அதே மைக். பேந்து நாள் வைப்பம்."

அண்ணை மாஸ்டரிடம் போய்க் கேட்டார். மாஸ்டர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

"திருவிழா முடிஞ்சுதே தம்பி. மைக் செற்றைக் கழட்டிக் கொண்டு போட்டாங்கள்."

ஜெயரூபன் ஒரு வருடம் தவணை கொடுத்தார். அடுத்த ஆவணித் திருவிழாவில் மைக் வாய் திறக்காவிட்டால், லண்டனில் ஒரு சம்பந்தம் வந்து நிற்கிறதாம். அண்ணை அதற்கும் ஓம் என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் விடிய எழும்பித் தோட்டத்துக்குப் போனார், வந்தார். சந்தையில் குலை இறக்கும்போது, "இது வெறும் வாழையோ, இல்லை இடையிலை வேறையும் கிடக்கோ" என்று கேட்டுச் சிரித்தார்கள். அண்ணையும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

நான் கோபிசங்கர். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம். கன்ரீன் சுவரில் 'முள்முருக்கு' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஒட்டுகிறவன். முதலில் மாஸ்டரை அதில் கிழிக்கத்தான் யோசித்தேன். அதை முப்பது பேர் வாசிப்பார்கள், பிறகு யாராவது வடை சுற்றுவார்கள். ஊர் கேட்ட பொய்க்கு வடை சுற்றும் தாள் காணாது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேடையில் பேசுகிறார் என்றால் அதை வேறொருவர் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். விழா மலருக்கு ஆசிச் செய்தி கேட்டுப் போனால், "நீரே ஒண்டை எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்" என்பார்கள். இதை ஒருவரும் களவாக நினைப்பதில்லை. எழுதிக் கொண்டுபோகாமல் வெறுங்கையோடு போவதுதான் மரியாதைக் குறைவு. மாஸ்டருக்கு எழுதிக் கொண்டிருந்த பெடியன் கனடாவுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டதும், நான் தலையை வாரிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கஜீபன்ரை தம்பியெல்லோ?"

"ஓம் சேர்."

பிறகு என் தோளில் தட்டினார். "அது பரவாயில்லை. கொண்ணன் வேறை, நீ வேறை. உன்ரை முகத்திலை நல்ல குணம் தெரியுது."

நான் நல்ல குணம் தெரியும்படி சிரித்தேன். அந்த ஒரு வசனத்துக்காக மட்டும், பழி வாங்க இன்னொரு வருடமும் காத்திருந்திருப்பேன்.

பதினொரு மாதத்தில் அவருக்கு ஆறு பேச்சு எழுதினேன். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "முன்னுக்கே வாசிச்சா மேடையிலை உணர்ச்சி வராது தம்பி." ஆகவே மேடையில் கண்ணாடியைப் போட்டபிறகுதான் முதல் வரியைப் பார்ப்பார். அதைச் சரிபார்க்க, மூன்றாவது பேச்சில் ஒரு வரியை நுழைத்தேன். தான் சிறுவயதில் செருப்பில்லாமல் ஐந்து மைல் நடந்து பள்ளிக்கூடம் போனதாக. அவருடைய வீடு பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. மாஸ்டர் அதை வாசித்தார், குரல் தழுதழுத்தது, கைக்குட்டையை எடுத்தார். அடுத்த கிழமை வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்த ஐந்து மைலில் குத்திய நெருஞ்சி முள்ளைப் பற்றித் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். முள் நான் எழுதியது அல்ல.

இந்த வருடம் வேலையைச் சுலபமாக்கியது பத்திரிகைச் செய்தி. மருந்துக்காக, ஏற்றுமதிக்கு மட்டும், வெளிநாட்டுக் கொம்பனிகள் கஞ்சா வளர்க்க அரசாங்கம் இடம் கொடுக்கப் போகிறதாம். தேத்தண்ணிக் கடை இரண்டாகப் பிரிந்தது. வெளிநாட்டுக்காரன் வளர்த்தால் தொழில், எங்கடை பெடியன் வளர்த்தால் கம்பி எண்ணுற மறியலோ என்று ஒரு பக்கம். வேலி போட்டு வளர்த்தாலும் இலை வேலிக்கு வெளியே வராதோ என்று மறுபக்கம். கோயில் சபை திருவிழாவில் 'சட்டபூர்வக் கஞ்சா நன்மையா தீமையா' என்று இதற்கே பட்டிமன்றம் வைக்க ஒப்புக்கொண்டது. ஒரேயொரு நிபந்தனை: எந்த அணியும் சிவபெருமானைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "நான்தான் நடுவர். தீர்ப்பு, தீமையெண்டு வரட்டும். நாலு பக்கம் காணும். கடைசிப் பக்கம் சனத்தின்ரை நெஞ்சைத் தொடோணும்."

"தொடும் சேர்" என்றேன்.

ஏழாம் திருவிழா, பின்னேரப் பூசை முடிந்த கையோடு பட்டிமன்றம். மைக் செற்காரரிடம் போய், போன வருசத்து மைக்கோ என்று விசாரித்தேன். "அதுதான் தம்பி, பச்சை ரேப் ஒட்டிச் சுத்தினது. ஏன், சத்தம் காணாதோ?" காணும் என்றேன். ஜெயரூபனுக்கு முன்வரிசையில் கதிரை போட்டுவிட்டேன். அண்ணை வரமாட்டேன் என்றுதான் நின்றார். அம்மாவைக் கொண்டு சொல்லுவித்தேன். வந்தவர் கடைசியில், ரியூப்லைற் கட்டிய கம்பத்தோடு நின்றுகொண்டார்.

முதல் பேச்சு நான் எழுதிய நன்மை. தவறணைக்கு அரசாங்கம் அனுமதிப் பத்திரம் கொடுக்கிறது, அங்கே குடித்துவிட்டு வந்து பெண்சாதிக்கு அடிப்பவனுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சட்டைப்பையில் ஒரு சுருள் வைத்திருந்த இருபது வயதுப் பெடியன் மறியலுக்குப் போகிறான். போகும்போது அவனுக்குக் கஞ்சாதான் தெரியும். வரும்போது ஐஸ் என்கிற போதை எங்கே விற்கும் என்றும் தெரிந்துகொண்டு வருகிறான். கைதட்டல்.

இரண்டாம் பேச்சு நான் எழுதிய தீமை. தடை இருக்கும்போதே வடமராட்சிக் கரைக்குக் கடலால் பொதி பொதியாக வருகிறது. தடையை எடுத்தால் வள்ளக்காரன் தொழிலை விட்டுவிட்டு மீன் பிடிப்பானோ? பத்தொன்பது வயதில் மூளை இன்னும் கட்டி முடியாத வீடு, அதற்குள் புகை போட்டால் கூரை எப்படி நிற்கும்? அதற்கும் கைதட்டல். அதே கைகள்தான்.

என்னிடம் எழுதி வாங்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் நன்மை அணியில் முத்துக்குமாரு பரியாரியார். ஊரின் நாட்டு வைத்தியர், எழுபத்தெட்டு வயது. தாள் இல்லாமல் வந்து, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கதைத்தார்.

"நான் அம்பது வருசமா லேகியம் கிண்டுறன். நித்திரை இல்லாதவன், சாப்பாடு செல்லாதவன், புற்றுநோயிலை நோவெடுத்துக் கத்திறவன், இவையளுக்குக் குடுத்திருக்கிறன். பாலிலை சுத்தி செய்து, அளந்து, ஒரு சுண்டைக்காய் அளவு. பெடியள் சுருட்டிப் பத்திறது மருந்தில்லை. உப்பும்தான் உடம்புக்கு வேணும், ஒரு சிறங்கை அள்ளித் தின்னுங்கோ பாப்பம். சட்டத்திலை எங்களுக்கு ஒரு சின்ன வாசல் கிடக்கு. அந்த வாசலாலை போய் ஒரு கடுதாசி எடுக்க ஆறு மாதம் அலையோணும். நோகிறவனுக்கு ஆறு மாதம் இல்லை. நான் கேக்கிறது அந்த வாசலைக் கொஞ்சம் பெருப்பியுங்கோ எண்டுதான். மதிலை இடியுங்கோ எண்டில்லை."

மற்றவர் தீமை அணியில் கடைசியாகப் பேசிய பத்மாசினி. சந்தியில் தையல் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் லக்சன் என்னோடு படித்தவன். இப்போது படிப்பதில்லை.

"பரியாரியார் சொன்னதுக்கு நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்றார் பத்மாசினி. "என்ரை அம்மா சாகேக்கை அப்பிடி ஒண்டு கிடைச்சிருந்தா வாங்கித்தான் குடுத்திருப்பன். ஆனா என்ரை மகன், வீட்டு ஃபான் தன்னோடை கதைக்குதெண்டு அதைக் கழட்டி எறிஞ்சவன். டொக்டர் சொல்லுறார், கஞ்சா சுருட்டிப் பத்தின எல்லாருக்கும் இப்பிடி வராதாம், சில பேருக்குத்தான் வருமாம். அந்தச் சில பேர் ஆரெண்டு முன்னுக்கு ஒருத்தருக்கும் தெரியாதாம். உங்களுக்கு உங்கடை பிள்ளையைத் தெரியும் எண்டா ஓம் எண்டு கையைத் தூக்குங்கோ. எனக்குத் தெரிஞ்சிருக்கேல்லை."

ஒரு கையும் எழும்பவில்லை. அவர் போகத் திரும்பியவர், மறுபடி மைக்குக்கு வந்தார்.

"இன்னொண்டு. அவனை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குத் தன்ரை மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறவர் தியாகராசா சேர்தான். இண்டைவரைக்கும் அவர் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதாலை நான் சொல்லுறன்."

மாஸ்டர் தலையைக் குனிந்தார். நடிப்பு இல்லை. அவரின் நடிப்பு எனக்குத் தெரியும், அதை எழுதுகிறவன் நான்.

எனக்கு இது பிடிக்கவில்லை. பகைவன் முழுதாகக் கெட்டவனாக இருப்பதுதான் வசதி. இவர் செய்த ஒரேயொரு நல்ல காரியத்துக்கு மைக் பிடிக்காமல் விட்டிருக்கிறார். நான் மேடைப் படியில் இருந்தேன். தீர்ப்பு ஃபைல் இன்னும் என் மடியில்தான். நாலாம் பக்கத்தை உருவி எடுக்க ஒரு நொடி காணும். தாளின் நுனியைப் பிடித்தும் விட்டேன்.

கம்பத்தடியைப் பார்த்தேன். அண்ணைக்கு முன்னால் பாயில் இருந்த ஒரு தாய் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பிள்ளையைத் தூக்கித் தன் மறுபக்கம் வைத்துக்கொண்டாள். அண்ணை கம்பத்தின் பின்னால் ஒரு அடி தள்ளி நின்றார், அவளுக்கு இடைஞ்சல் இல்லாமல்.

ஃபைலைக் கொண்டுபோய் மாஸ்டரின் கையில் கொடுத்தேன்.

முதல் மூன்று பக்கமும் அவர் விரும்பியபடியே. தீமை என்று தீர்ப்பு, பரியாரியாருக்கு ஒரு வணக்கம், பத்மாசினிக்கு ஒரு வணக்கம், தன் நாற்பத்து மூன்றாவது மேடை. பிறகு தாளைத் திருப்பினார்.

"ஆனால், பெரியோர்களே," என்று கம்பீரமாக வாசித்தார், "கஞ்சா நன்மையா தீமையா என்று தீர்ப்புச் சொல்லுமுன் ஒருவனுக்குக் கஞ்சா எது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை." இந்த இடத்தில் குரலைத் தழுதழுக்க வைத்தார், பழக்கதோசம். "சென்ற ஆண்டு இதே ஏழாம் திருவிழாவில், இதே ஒலிவாங்கியில், எமது ஊரின் உழைப்பாளி கஜீபனின் வீட்டில்..."

நின்றார்.

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் நல்ல குணம் தெரியும்படி பார்த்தேன். கூட்டத்தில் ஒரு குழந்தை மட்டும் ஐஸ்கிறீம் கேட்டு அழுதது. அவர் தாளை மடித்துவிட்டு வணக்கம் சொல்லியிருக்கலாம். அதற்கு நான் ஆயத்தமாக இருந்தேன். பாதியில் நிற்பாட்டிய நடுவரை ஊர் ஒரு வருடம் தின்னும். ஆனால் பரியாரியார், வயது காரணமோ என்னவோ, பேச்சு முடிந்தது என்று நினைத்துக் கையைத் தட்டினார். நாலைந்து பேர் சேர்ந்து தட்டினார்கள். மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்தார். கைதட்டல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

"...கஞ்சாச் செடி வளர்கிறது என்று நான் அறிவித்தேன்" என்று தொடர்ந்தார், முன்னையதைவிடப் பெரிய குரலில். "அது நொச்சி. ஒரு தாயின் தலையிடிக்கு வைத்த நொச்சி. என் அற்ப ஆணவத்தினால் ஒரு குற்றமற்ற இளைஞனின் பெயரைக் கெடுத்தேன். அதே ஒலிவாங்கியில் இன்று அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

கடைசி வசனத்தை இரண்டுதரம் வாசித்தார். நான் ஒருதரம்தான் எழுதியிருந்தேன்.

கூட்டம் எழும்பி நின்று தட்டியது. எப்பேர்ப்பட்ட மனம், இந்தக் காலத்திலை ஆர் உப்பிடிக் கேப்பினம் என்று பெண்கள் பக்கத்தில் கண்ணைத் துடைத்தார்கள். கோயில் சபைத் தலைவர் ஓடிவந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒரு வருடமாக நான் வெட்டிய குழியில் அவர் ஏறி நின்று மாலை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஜெயரூபன் கம்பத்தடிக்குப் போய் அண்ணையின் கையைப் பிடித்தார். "இனியென்ன தம்பி. நாள் வைப்பம்." அண்ணை தலையை ஆட்டினார். ஓம் என்றோ இல்லை என்றோ அதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை காலைக் கழுவினார். துவாயால் துடைத்தார். பிறகு கேட்டார்: "அந்த நாலாம் பக்கம் நீ எழுதினதோ?"

"ஓம் அண்ணை."

"தெரியும். 'அற்ப ஆணவம்' எண்டு அந்த ஆளுக்குச் சொல்ல வராது." துவாயைக் கொடியில் போட்டு நுனியை இழுத்துச் சரிசெய்தார். "அப்ப அவர் என்னட்டை மன்னிப்புக் கேக்கேல்லை. நீ கேட்டனி. நீ எனக்கு ஒரு பிழையும் செய்யேல்லையே."

நான் காலைக் கழுவப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜெயரூபனின் வான் எங்கள் ஒழுங்கையில் வந்து நின்றது. மாஸ்டர் முதலில் இறங்கினார். கையில் நேற்றுப் போர்த்திய அதே பொன்னாடை, மடிப்புக் கலையாமல். பின்னால் ஜெயரூபன் வெற்றிலைத் தட்டத்தோடு. கடைசியாகப் போதை ஒழிப்புக் குழுவின் செயலாளர் றொகான், ஃபோனை நீட்டிப் பிடித்தபடி. மாஸ்டர் அண்ணைக்குப் பொன்னாடை போர்த்துவதைக் குழுவின் முகநூலில் நேரடியாகக் காட்டப் போகிறார்களாம்.

அண்ணை தோட்டத்தில் இருந்து வந்தார். முழங்கால்வரை சேறு, கட்டியிருந்த சாரத்தில் வாழைக்கயர்க் கறை.

"வா தம்பி, வா" என்று மாஸ்டர் பொன்னாடையை விரித்தார். "நேற்று இரவு முழுக்கக் கோல்தான். லண்டனிலை இருந்தெல்லாம் எடுத்தவை. மனம் திறந்து கதைச்சா அதின்ரை சக்தியே வேறை."

"லைவ் போகுது சேர்" என்றான் றொகான்.

அண்ணை பொன்னாடைக்குக் குனியவில்லை. "சேர், ஒருக்காச் சொல்லுங்கோ."

"எதை?"

"நேற்றுச் சொன்னதை."

மாஸ்டர் சிரித்தார். "நேற்றுத்தான் வடிவாச் சொன்னனான், ஊரே கேட்டதே."

"நேற்று வாசிச்சனீங்கள். இண்டைக்குச் சொல்லுங்கோ. ஒரு வரி காணும்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "எமது ஊரின்... எமது ஊரின் உழைப்பாளர்..." அதற்கு மேல் வரவில்லை. மெல்ல என் பக்கம் சாய்ந்தார். "தம்பி கோபி, ஒரு ரெண்டு வரி..."

"பேனை எழுதுதில்லை சேர்" என்றேன்.

என் சட்டைப்பையில் இரண்டு பேனை குத்தியிருந்தது. அவர் அவற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பொன்னாடையின் ஒரு நுனி நழுவிச் சேற்றில் முட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பிறகு, மேடைக் குரல் இல்லாமல், கடையில் சாமான் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"எனக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"அது நொச்சியெண்டு. சார்ஜன்ற் கோல் எடுத்துச் சொன்னவர். சிரிச்சவர்." கண்ணாடியைக் கழற்றினார். "திருவிழா இன்னும் ரெண்டு நாள் கிடந்தது. மைக்கும் அங்கைதான் கிடந்தது. போய்ச் சொல்லுவம் எண்டு வெளிக்கிட்டனான். சந்தி வரைக்கும் போனனான். நொச்சியையும் கஞ்சாவையும் தெரியாதவனே தலைவர் எண்டு சனம் சிரிக்கும் எண்டு திரும்பிட்டன். பேந்து நீ வந்து கேக்கேக்கை மைக் செற் போட்டுது எண்டன்."

அம்மா குசினி வாசலில் நின்றார். கையில் தேத்தண்ணித் தட்டம். அதை அப்படியே உள்ளே திருப்பிக் கொண்டுபோனார்.

"சேர்," என்றான் றொகான், "நிப்பாட்டவோ?"

"இவ்வளவு நேரமும் போனதோ?"

"ஓம் சேர். நானூற்றுச் சொச்சம் பேர் பாத்துக்கொண்டிருக்கினம். கூடிக்கொண்டு போகுது."

அந்த வசனங்களை நான் நூறு தாள் கிழித்தாலும் எழுதியிருக்க மாட்டேன். நான் அவரை அறியாமையில் பிழை செய்தவராக எழுதியிருந்தேன். என் பழிக்குள் ஒரு சலுகை இருந்திருக்கிறது. அவர் அதையும் எடுத்து எறிந்துவிட்டு நின்றார்.

"காணும் சேர்" என்றார் அண்ணை. பொன்னாடையை அவரின் கையிலிருந்து வாங்கி, சேறு பட்ட இடத்தை உதறி, மடித்து அவரிடமே கொடுத்தார். "லக்சனுக்கு இந்த மாசம் கிளினிக் எப்ப?"

"வாற செவ்வாய்."

"மறக்காமல் கூட்டிக்கொண்டு போங்கோ."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஜெயரூபனும் அப்படித்தான் நினைத்தார். வெற்றிலைத் தட்டத்தை மேசையில் வைத்து, சட்டைப்பையில் இருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். அண்ணை அவர் பக்கம் திரும்பினார்.

"மாமா, இப்ப நீங்கள்."

"நானோ? நான் என்ன செய்தனான்? அண்டைக்கே சொன்னனான் தம்பி, உங்களிலை சந்தேகம் இல்லையெண்டு."

"சந்தேகம் இல்லாமல் ஒரு வருசம்" என்றார் அண்ணை. "அந்தச் செடியைக் கிணத்தடியிலை போய்ப் பாக்க இருவது அடி. நீங்கள் இருந்த கதிரையிலை இருந்து இருவது அடி. எழும்பிப் போய்ப் பாக்கேல்லை. மைக்கைத்தான் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

எங்கள் வீட்டில் பழி வாங்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன்.

அண்ணையின் ஃபோன் அடித்தது. சேற்றுக் கையோடு எடுக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். வித்தியா. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"லைவ் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றாள். பின்னால் பள்ளிக்கூடச் சத்தம். "அப்பா அங்கைதானே நிக்கிறார்?"

"நிக்கிறார்" என்றார் அண்ணை.

"அவர் சொல்லாமல் விடாதேங்கோ. ஒரு வருசமா நான் வீட்டிலை கேட்டுக்கொண்டிருக்கிறன், எனக்கே இன்னும் சொல்லேல்லை. கலியாண நாளைப் பேந்து பாப்பம்."

ஜெயரூபன் பஞ்சாங்கத்தை மூடினார். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜெயரூபன் என்னைப் பார்த்தார், எனது சட்டைப்பையைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றுமில்லை என்று காட்டினேன்.

றொகான் ஃபோனை அவர் பக்கம் திருப்பினான்.